கீழே படகு, மேலே ஆள்: மிலோஸ் தீவில் ஆறு நாள்

முதல் நாள்: காலண்டரில் பார்த்த ஊர்

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது என் மனைவி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓரத்திலேயே ஒரு வரிசை வீடுகள். கீழே பெரிய பெரிய மரக்கதவுகள்; சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். வாசற்படியிலிருந்து காலை நீட்டினால் கடல். "இது எந்த ஊருங்க?" என்றாள். படத்தின் கீழே பொடி எழுத்தில் கிரேக்கம், மிலோஸ் தீவு, கிளீமா என்று போட்டிருந்தது.

அது நடந்து மூன்று வருடமாகிறது. நடுவில் ஒரு சீட்டு முடிந்தது, மகள் வேலைக்குப் போனாள். இப்போது செப்டம்பர் முதல் வாரம், காலை ஆறரை மணி, ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரண்டு பெட்டியோடு நிற்கிறோம்.

மிலோஸுக்கு விரைவுக் கப்பலில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் மெதுவான கப்பலில் போனோம். ஏழு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிறது, டிக்கெட்டும் மலிவு. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது வேறு காரணத்துக்காக. விரைவுக் கப்பலில் விமானம் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மெதுவானதில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். நான் நாகப்பட்டினத்துக்காரன். அப்பா மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். கடல் காற்றை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்ப்பது எனக்குச் சரிப்படாது. மனைவி கரூர். அவளுக்குக் கடல் என்றால் கன்னியாகுமரியில் ஒரு முறை, மெரினாவில் சில முறை.

கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ் என்று வழியில் மூன்று தீவுகள். ஒவ்வொன்றிலும் கப்பலின் பின்கதவு இறங்கும். லாரிகள் பின்பக்கமாகவே ஏறும். தக்காளிக் கூடை, கேஸ் சிலிண்டர், ஒருவர் தோளில் ஒரு சுழல் மின்விசிறி. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து கதவு மூடிக்கொள்ளும். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான், என்ன, தண்ணீரில் ஓடுகிறது.

மிலோஸ் எரிமலைத் தீவு. நடுவில் கடல் உள்ளே புகுந்து பெரிய வளைகுடாவாகக் கிடக்கிறது. மத்தியதரைக் கடலின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் அதுவும் ஒன்று. கப்பல் அதற்குள் திரும்பியதும் இடப்பக்கம் மலையடியில் ஒரு வண்ணக்கோடு தெரிந்தது. "அதோ, அதோ!" என்று மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கினாள். போனை எடுத்துப் பூட்டைத் திறந்து கேமராவைத் தேடுவதற்குள் கப்பல் தாண்டிவிட்டது. மூன்று வருடக் கனவு இரண்டு நிமிடத்தில் பின்னால் போய்விட்டது.

அதாமாஸ் துறைமுகத்தில் இறங்கி, பஸ் ஏறி, மலைமேல் திரிப்பித்தி என்கிற ஊரில் அறை எடுத்திருக்கிறோம். கிளீமாவிலேயே தங்கலாம் என்றுதான் பார்த்தோம். அந்த மஞ்சள், சிவப்புக் கதவு வீடுகளில் ஒரு இரவுக்குக் கேட்ட வாடகையில் மேலே மூன்று இரவு தங்கலாம்.

இரண்டாம் நாள்: கிளீமா

திரிப்பித்தியிலிருந்து கிளீமாவுக்கு ஒரே இறக்கம். வழியில் ஆதி கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. மிருதுவான எரிமலைப் பாறையைக் குடைந்து செய்தவை. "திரிப்பா" என்றால் கிரேக்கத்தில் ஓட்டை. ஊர்ப்பெயர் அதிலிருந்துதான். அதைத் தாண்டினால் ரோமானியர் காலத்துப் பளிங்கு அரங்கம் ஒன்று, கடலைப் பார்த்தபடி. படியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டோம். அங்கிருந்து கீழே குனிந்தால் காலண்டர் தெரிகிறது.

கிட்டே போனால் காலண்டரில் இல்லாதது எல்லாம் தெரிகிறது. உப்புக்காற்றில் கதவுப் பலகைகள் வெடித்திருக்கின்றன. நிறம் ஒரே பூச்சு இல்லை. நீலம் உரிந்த இடத்தில் பச்சை, பச்சைக்கு அடியில் ஏதோ சிவப்பு. வீடுகளுக்கு முன்னால் தெரு கிடையாது. சிமெண்டு மேடை ஒன்று, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம், அதற்கப்புறம் கடல்.

இந்த வீட்டுக்குச் சிர்மா என்று பெயர்; பன்மையில் சிர்மாத்தா. "இழு" என்ற பொருள் கொண்ட வினைச்சொல்லிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் படகை இழுத்து உள்ளே ஏற்றி வைக்கக் கட்டிய கூடம். கீழே படகு, மேலே சின்ன இடத்தில் குடும்பம். கீழ்க்கதவை அளந்தது ஆளுக்காக அல்ல, படகின் அகலத்துக்காக. வீட்டிலேயே நல்ல இடம், தண்ணீருக்குப் பக்கத்து இடம், படகுக்கு. மனிதர்கள் மிச்சத்தில் இருந்துகொண்டார்கள். கடலிலிருந்து வரும்போது அடையாளம் தெரியட்டும் என்று படகுக்கு அடித்த சாயத்தையே கதவுக்கும் அடித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படகுக்கு வாங்கிய டப்பாவில் மீந்ததை அடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் ஊரில் அப்படித்தான்.

வரிசை முழுக்க நடந்தோம். திறந்திருந்த கதவுகளுக்குள் கட்டில், ஏசி, காபி மெஷின், வெள்ளைத் துண்டுகள். ஒரே ஒரு கூடத்தில் படகு இருந்தது, அதுவும் ஃபைபர். வெளியே தண்ணீரில் கட்டிக் கிடந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

ஒரு மஞ்சள் கதவின் முன்னால் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டியைக் கிரேக்கத்தில் "யாயா" என்கிறார்கள். ஆயா என்று கூப்பிட்டே பழகிய கரூர்க்காரிக்கு அது போதுமாக இருந்தது. "யாயா, காலிமேரா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே படியில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கை பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. கால் மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று யாயா வளைகுடாவைப் பார்த்து ஏதோ சொன்னார். எழுந்து மிதியடிப் பாயைச் சுருட்டினார், நாற்காலியை உள்ளே தள்ளினார், பீன்ஸ் தட்டை மனைவி கையில் கொடுத்து மாடிப்படியைக் காட்டினார். தூரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் அதாமாஸ் பக்கம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் அங்கேயே நின்றேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. நான்கைந்து நிமிடம் கழித்து, சத்தமே இல்லாமல், தண்ணீர் மேடையின் விளிம்புக்கு ஏறியது. அடுத்த அலை மேடையைத் தாண்டி வாசலுக்குள் போயிற்று. மூன்றாவது என் ஷூவுக்குள். யாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவியும்தான்.

சத்தம் கேட்டு மேலிருந்து பேத்தி இறங்கி வந்தாள். ஏதென்ஸில் படிக்கிறாளாம், நல்ல ஆங்கிலம். "கப்பல் போனால் கொஞ்ச நேரத்தில் அதன் தண்ணீர் நம்மைப் பார்க்க வரும் என்பாள் பாட்டி. அட்டவணை அவளுக்கு மனப்பாடம்" என்றாள். ஷூவைக் காய வைக்கச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். அப்படித்தான் அந்தக் கீழ்க்கூடத்தைப் பார்த்தேன்.

அங்கேயும் கட்டில்தான். கோடையில் வாடகைக்கு விடுகிறார்கள். தரை மட்டும் வாசலை நோக்கிச் சரிந்திருக்கிறது, படகு வழுக்கி இறங்குவதற்காக. கட்டிலின் முன்கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை வைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். பின்சுவரில் துருப்பிடித்த இரும்பு வளையம் ஒன்று, என் கை மணிக்கட்டு கனம். படகை இழுக்கும் கயிற்றுக்கு அதுதான் பிடிமானம். கயிற்றைச் சுற்றும் உருளை வெளியே இருந்ததாம். அதற்கு "எர்காத்திஸ்" என்று பெயர், அதாவது தொழிலாளி. தொழிலாளி போய்விட்டான். வளையத்தில் யாரோ ஒரு விருந்தாளியின் ஈரத்துண்டு தொங்குகிறது.

வளையத்துக்கு மேலே ஒரு பலகை. நீல எழுத்தில் ஆயியோஸ் நிகோலாஸ். மாலுமிகளைக் காப்பவர் புனித நிகோலாஸ் என்பதால் கிரேக்கப் படகுகளில் பாதிக்கு அவர் பெயர் இருக்கும் போல. தாத்தாவின் படகு ஏழு மீட்டர் திரெகாந்தீரி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர்ந்த மரப்படகு. இந்தக் கடலுக்கென்றே வந்த வடிவம். தொண்ணூறுகளின் கடைசியில் அதை உடைத்துவிட்டார்கள்.

பேத்தி சொன்னதும் நான் முன்பே படித்திருந்ததும் ஒத்துப்போயின. மீன் குறைகிறது, படகுகள் அதிகம், குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. மீனவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் பணம். கூடவே ஒரு நிபந்தனை: படகு மறுபடி மீன் பிடிக்கப் போகக்கூடாது, அதனால் அதை அழித்துவிட வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நொறுக்கினார்கள். இப்படி இந்த நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்படகுகள் போயின என்கிறார்கள். மீன் குறைந்தது பொய்யில்லை. ஆனாலும் உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டு படகை விட்டிருக்கலாமே என்பது என் கட்சி. பின்னால் இந்த நாட்டிலேயே சில படகுகளை மரபுச் சின்னம் என்று காப்பாற்றப் பாடுபட்டார்கள்.

"தாத்தா மட்டும் போனார். பாட்டி வரமாட்டேன் என்றுவிட்டாள். சாயங்காலம் இந்தப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாராம். என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை" என்றாள் பேத்தி.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடாதுதான். கணக்கு எழுதுகிறவர் பிள்ளை, வாய் சும்மா இருக்கவில்லை. பேத்தி பாட்டியிடம் கேட்டாள். யாயா எழுந்து போய்க் கூடத்தின் மூலையில் ஒரு கதவைத் திறந்து காட்டினார். வெள்ளை டைல்ஸ் பதித்த குளியலறை.

மூன்றாம் நாள்: காற்று

வடக்கிலிருந்து மெல்தேமி. ஏஜியன் கடலின் கோடைக்காற்று. ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம், செப்டம்பரிலும் வாலை ஆட்டும். இங்கே எல்லாரும் காற்றை எண்ணில் பேசுகிறார்கள். டீக்கடையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி "இன்றைக்கு எத்தனை பொஃபோர்?" இன்றைக்கு ஏழு. சிறு படகு எதுவும் வெளியே போகவில்லை.

மலையுச்சித் தலைநகர் ப்ளாக்காவுக்குப் போனோம். வெள்ளைச் சந்துகள், பூனைகள், தேவாலயம். அருங்காட்சியகத்தில் கையில்லாத அந்தப் புகழ்பெற்ற பளிங்குச் சிலை, மிலோஸின் வீனஸ், நிற்கிறாள், பிளாஸ்டரில். அசல் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1820-ல் ஒரு விவசாயி கிளீமாவுக்கு மேலே வயலில் கல் தோண்டும்போது கிடைத்தாள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகள் பக்கத்திலேயே இருந்தார்கள், மறு வருடமே லூவர். நேற்று நாங்கள் வாழைப்பழம் சாப்பிட்ட அரங்கத்துக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். பலகைகூட வைத்திருக்கிறார்களாம். கவனிக்காமல் வந்திருக்கிறோம்.

இந்தத் தீவுக்கு இதைவிடப் பழைய காயம் ஒன்று உண்டு. கி.மு. 416-ல், ஸ்பார்ட்டாவோடு பகை நீடித்த காலத்தில், ஏதென்ஸ் படையெடுத்து வந்து, எங்கள் பக்கம் சேருங்கள் என்றது. நாங்கள் யார் பக்கமும் இல்லை என்றார்கள் தீவுக்காரர்கள். முற்றுகை முடிந்து பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். ஏதென்ஸில் ஜனநாயகம் பிறந்த குன்றைப் போன வாரம்தான் வியந்து பார்த்துவிட்டு வந்தோம்.

மற்றபடி அறைக்குள்ளேயே பொழுது போயிற்று. பித்தராக்கியா வாங்கிச் சாப்பிட்டோம். சீஸ் வைத்து அரைவட்டமாக மடித்துப் பொரித்தது. "சோமாசிங்க இது" என்றாள் மனைவி. பூரணம் மட்டும்தான் வேறு.

நான்காம் நாள்: நாற்பது அடி

காற்று இறங்கவில்லை. சராக்கினிக்கோ என்று ஒரு வெள்ளைப் பாறைக் கடற்கரை, நிலாவில் நடப்பது போல இருக்கும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கூட்டம். படம் எடுக்க வரிசை. அரை மணியில் கிளம்பிவிட்டோம்.

ஃபிரோபொதாமோஸில் ஒரு குளி குளித்துவிட்டு மதியம் மந்த்ராக்கியா போனோம். கிளீமா நீளவாக்கில் கிடக்கிறது என்றால் இது கையைக் குவித்து வைத்த மாதிரி. நடுவில் சின்னத் துறை, சுற்றிப் பாறையையே குடைந்து கதவு போட்ட சிர்மாத்தா, மேலே ஒரு வெள்ளைக் கோயில். இங்கே இன்னும் கொஞ்சம் தொழில் மணக்கிறது. வலைகள் மஞ்சள் குவியலாகக் கிடக்கின்றன. ஒருவர் பீடி கனத்தில் சிகரெட் சுருட்டிக் கடித்தபடி, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து வைத்துக்கொண்டு கிழிசல் பொத்துகிறார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்கு நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது.

துறையில் ஒரு பையன் கல்லில் ஆக்டோபஸை அடித்துக்கொண்டிருந்தான். காலைச் சேர்த்துப் பிடித்து, தோளுக்கு மேலே ஓங்கி, பளீரென்று அறைகிறான். அப்புறம் கல்லில் வைத்துத் துணி துவைப்பது போலத் தேய்க்கிறான். சாம்பல் நிற நுரை வருகிறது. மறுபடி அடி. நாற்பது அடி அடிக்க வேண்டும் என்பது கணக்காம். இல்லாவிட்டால் ரப்பர் மாதிரி இருக்குமாம். நான் எண்ணினேன். இருபத்தாறில் போன் வந்தது, நிறுத்திவிட்டுப் பேசப் போய்விட்டான்.

அடித்ததைக் கொடியில் தொங்கவிடுகிறார்கள். எட்டுக் காலும் விரிந்து, வெயில் ஊடுருவி, ஓரங்கள் தேன் நிறமாகத் தெரிகின்றன. கருவாடாக்குவது இல்லை; ஒரு நாள் தண்ணீர் வற்றினால் போதும், பிறகு கரி அடுப்பில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மீன் விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மெனுவில் கிலோ விலைதான் போட்டிருக்கும். நாங்கள் பார்புனியா என்கிற சிவப்பு நகரை மீனை ஆசையாகக் கேட்டோம். கிலோ அறுபது யூரோவுக்கு மேல். உள்ளங்கை நீள மீன்கள் நான்கு வந்தன. எடை போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான், இதில் ஏமாந்தேன் என்பதுதான் வருத்தம். மலிவாகச் சாப்பிட வேண்டுமானால் மத்தி, நெத்திலி கேளுங்கள். ருசியும் குறையாது.

ஐந்தாம் நாள்: எங்கள் ஊர் மீன்

காற்று விழுந்துவிட்டது. தீவின் வடகிழக்கு மூலையில் பொலோனியா என்கிற மீனவ ஊரிலிருந்து ஒருவர் தன் படகில் எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். இங்கே தொழில்முறை மீனவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு பயணிகளைக் கூட்டிப்போகலாம். மீனில் வருகிறதைவிட இதில் வருவது நிச்சயம்.

விடிவதற்கு முன்னால் துறையில் இருந்தோம். அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் சிலுவை. ஊரில் வயதான ஆண்களைப் "பார்பா" என்று கூப்பிடுகிறார்கள், நம் பெரியப்பா மாதிரி. நானும் பார்பா என்றேன். "உன் தலை என் தலையைவிட வெள்ளை" என்றார். இளவயதில் பதினொரு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவராம், ஆங்கிலம் அங்கே பழகியது. எந்த ஊர் என்றார். அவருக்குத் தெரிந்த பெயராக மெட்ராஸ் என்றேன். "மெட்ராஸ்! கொசு!" என்று கையை அறைந்துகொண்டார். எங்கள் துறைமுகத்தைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

மரப்படகு, எட்டு மீட்டர் இருக்கும். திரெகாந்தீரியேதான். நல்ல வேளை, இவர் அப்பா பணத்துக்கு மசியவில்லை. பைன் மரம். வருடம் ஒரு தடவை கரையேற்றிச் சுரண்டி, பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்து, சாயம் அடிக்க வேண்டும். "ஃபைபர் படகு அம்மாவைக் கேட்காது. இது தினமும் கேட்கும்" என்றார்.

முந்தின நாள் மாலை போட்டிருந்த வலையை எடுக்கப் போனோம். மிதவையைக் கொக்கியால் இழுத்து, கயிற்றை விஞ்சில் மாட்டினார். வலை ஏற ஏற, மனிதர் ஒரு காலால் திசைமாற்றியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கையாலும் மீனைக் கழற்றுகிறார். முதல் நூறு மீட்டரில் ஒன்றுமில்லை, பாசியும் கல்லும். பிறகு ஒரு கிளி மீன். ஒரு தேள்மீன், முதுகு முள்ளை இடுக்கியால் ஒடித்து வாளியில் போட்டார். சூப்புக்கு அதைவிட்டால் இல்லையாம். இரண்டு பார்புனியா. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மீனுக்காக அல்ல, அலைக்காக.

அப்புறம் வலையில் ஓட்டைகள் வர ஆரம்பித்தன. சீல் என்கிற கடல்நாயும் டால்பினும் கிழித்தால் பெரிய கிழிசலாக இருக்கும். எதிரே தெரிகிற பொலீகோஸ் தீவில் மத்தியதரைக் கடலின் அரிய துறவிச் சீல்கள் இருக்கின்றன. இவை வேறு மாதிரி. கத்தரிக்கோலால் நறுக்கியது போல வட்டவட்டமாக. பார்பா வாய்க்குள் ஏதோ திட்டினார். கொஞ்ச தூரம் போனதும் குற்றவாளியே ஏறி வந்தான். சாம்பல் முதுகில் கரும்புள்ளி, பக்கவாட்டில் வெள்ளிக் கோடு, மழுங்கிய முகம், மேலே இரண்டு கீழே இரண்டு என்று உளி மாதிரி நான்கு பல். தளத்தில் விழுந்ததும் வயிறு ஊதியது.

"பேத்தை!" என்றேன்.

பார்பா திரும்பிப் பார்த்தார். இங்கே அதற்கு லகோகேஃபாலோஸ் என்று பெயர், முயல் தலை. இந்தக் கடலின் மீனே இல்லை அது. நம் இந்துமாக்கடல் பக்கத்தது. 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாக மேற்கே வந்து, கடல் சூடாக ஆக இங்கேயே தங்கிவிட்டது. மத்தியதரைக் கடலில் முதலில் பதிவானது 2003-ல், துருக்கிக் கரையில். அடுத்த இரண்டு வருடத்தில் கிரேக்கக் கடலிலும் பார்த்துவிட்டார்கள். வலையைக் கடிக்கிறது, தூண்டில் நரம்பை அறுக்கிறது, வலையில் மாட்டிய மீனைப் பாதி தின்றுவிட்டுப் போகிறது. விற்கவும் முடியாது, ஈரலிலும் சினையிலும் இருப்பது சமைத்தாலும் போகாத விஷம். எங்கள் ஊரில் கரையில் கிடந்தால் பிள்ளைகள் காலால் உதைத்து விளையாடுகிற மீன் இது, யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

"உங்கள் ஊர் மீனா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

"அப்படியானால் வலைக்குக் காசு நீ கொடு" என்று சொல்லிவிட்டு, கட்டையால் அதன் தலையில் ஒரு போடு போட்டார். பிறகு படகின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன பாட்டில் வந்தது, இரண்டு கண்ணாடிக் குவளைகளும். காலை ஏழு மணிக்குச் சிப்புரோ, திராட்சைச் சக்கையில் காய்ச்சிய சாராயம். மறுப்பதற்கு எனக்கு முகம் இல்லை.

திரும்பும்போது பாறைக்கரை ஒன்றைக் காட்டினார்: ஃபிலாக்கோப்பி. வெண்கலக் காலத்து ஊர். அதன் வீட்டுச் சுவரில் தீட்டிய பறக்கும் மீன்களைப் போன வாரம் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்த்திருந்தோம். நீலமும் மஞ்சளுமாகக் கோலா மீன்கள், மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் துள்ளிக்கொண்டிருக்கின்றன. மீனைத் தட்டில் மட்டும் பார்த்த ஆள் அந்தச் செதிலையும் சிறகையும் அப்படித் தீட்டியிருக்க முடியாது. அதற்கும் பல ஆயிரம் வருடம் முன்பே இந்தத் தீவின் கருங்கண்ணாடிக் கல்லுக்காக ஆட்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். உலோகம் வருவதற்கு முன் கத்தி என்றால் அந்தக் கல்தான். மிலோஸ் கல் கடலுக்கு அக்கரையில், பெலோபொன்னீஸ் தீபகற்பத்துக் குகையில் கிடைத்திருக்கிறது. யாரோ ஏதோ ஒரு கட்டையில் கொண்டுபோனதுதானே.

ஒன்பதுக்கெல்லாம் கரை. மொத்தம் நான்கு கிலோ மீன் தேறாது. டீசலுக்கு நாங்கள் கொடுத்த பணம்தான் கட்டியிருக்கும். பொலோனியாவிலிருந்தே அரை மணி நேரப் படகில் கிமோலோஸ் தீவுக்கும் ஒரு எட்டுப் போய்வந்தோம். கிரேக்கத்தில் சாக்பீஸுக்குக் கிமோலியா என்று பெயர். இந்தத் தீவின் வெள்ளை மண்ணால் வந்த பெயர். கூப்பா என்ற இடத்தில் சிர்மாத்தா வரிசையும், தும்பிக்கையை நீரில் விட்ட யானை போல ஒரு பாறையும். மதியம் லாதேனியா, தக்காளியும் வெங்காயமும் பரப்பிச் சுட்ட எண்ணெய் ரொட்டி. படகில் தலைசுற்றிக் கிடந்தவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆறாம் நாள்: அட்டவணை

மதியம் கப்பல். காலையில் மறுபடி கிளீமாவுக்கு இறங்கினோம். யாயாவுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. மனைவி பெட்டியைக் கிளறி, பயணத்துக்கென்று கொண்டுவந்ததில் மிச்சமிருந்த எள்ளுருண்டை ஆறை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். யாயா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "பஸ்தேலி!" என்றார். எள்ளும் தேனும் சேர்த்து இவர்களும் செய்கிறார்கள். வில்லைகளாக நறுக்குவதுதான் வித்தியாசம். தலையை ஆட்டிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார். பதிலுக்குக் காகிதத்தில் சுற்றி ஆரெகனோ ஒரு கட்டு.

பேத்தி அன்று இல்லை, ஏதென்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். குளிர்காலத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். சைகையில் கேட்டேன். போர்வை போர்த்துவது போல, நடுங்குவது போல, பிறகு கதவு வரிசையைக் காட்டி விரலை எண்ணுவது போல. யாயா யோசித்து இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் ஒன்றை மடக்கி, உதட்டைப் பிதுக்கினார். இரண்டு வீடா, இரண்டு ஆளா, எனக்குப் புரியவில்லை.

ஒன்றே காலுக்குக் கப்பல் அதாமாஸை விட்டது. இந்தத் தடவை நாங்கள் முன்கூட்டியே வலப்பக்கக் கம்பியைப் பிடித்துவிட்டோம். வண்ணக்கோடு வந்தது. ஆறு நாளில் இப்போது எது எது என்று தெரிகிறது: ஓரத்தில் பச்சை, இரண்டு நீலம், ஒரு சிவப்பு, அப்புறம் மஞ்சள். வாசலில் கரும்புள்ளியாக ஒரு உருவம். நாற்காலியில் இருக்கிறதா, நிற்கிறதா, இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

கப்பலுக்குப் பின்னால் எங்கள் அலை இரண்டு பக்கமும் விரிந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர இன்னும் நான்கைந்து நிமிடமாவது ஆகும். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பாயை எடுத்துட்டாங்களாங்க? எனக்குத் தெரியலையே."